கேட்கக் கற்ற மருத்துவம்

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. மகள் உடல் மெலிகிறாள், உணவை மறுக்கிறாள், கைவளை கழல்கிறது. அஞ்சிய தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு இட்டுப் பார்த்து, இது முருகு அணங்கியதால் வந்த நோய் என்கிறான். களம் இழைத்து, மறியறுத்து, வெறியாடுகிறான். நோய் தீர்வதில்லை. மலைநாட்டு இளைஞன் ஒருவன்மேல் அவள் கொண்ட காதலே அந்நோய்க்கு முதல். அதனை அறிந்தவள் தோழி ஒருத்தியே. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் இத்துறைக்கென்றே 'வெறிப்பத்து' அமைந்துள்ளது.

இதைக் கொண்டு, உளச்சிகிச்சை என்னும் துறை பண்டைத் தமிழரிடம் இருந்தது என்று வாதிடுவது பொருந்தாது. ஆயினும் அப்பாடல்கள் ஒரு வேறுபாட்டைக் கூர்மையாகக் காட்டுகின்றன. வேலன் முறை அறிந்தவன். ஆனால் அப்பெண்ணிடம் அவன் ஒன்றும் கேட்பதில்லை. தோழிக்கு முறை ஏதும் தெரியாது. ஆனால் அவள் கேட்டிருக்கிறாள். முறை அறிந்தவனும் கேட்டறிந்தவளும் இருவேறு ஆட்களாக நிற்கும்வரை நோயும் நிற்கிறது.

மேலைநாட்டில் தோன்றி உலகெங்கும் பரவிய உளச்சிகிச்சையின் நூற்று நாற்பது ஆண்டு வரலாறு, ஒருவகையில் வேலன் தோழியிடம் பாடம் கேட்ட வரலாறாகும். அப்பாடம் எளிதில் கற்கப்படவில்லை. நெறிக்கு நெறி நடந்த பூசல்களும், சிகிச்சை என்னும் பெயரால் இழைக்கப்பட்ட கொடுமைகளும் அவ்வழியில் கிடக்கின்றன. ஒரே நெறியைப் பற்றி நில்லாமல் பல நெறிகளின் பயனையும் கொள்வது, தனிமனிதரை அவர்தம் உறவுகளோடு சேர்த்துக் காண்பது, எவரையும் அவர் பிறப்பாலோ இயல்பாலோ விலக்காதிருப்பது என்னும் மூன்று பண்புகளும் இன்றைய ஒருங்கிணைந்த உளச்சிகிச்சையின் அடையாளங்களாகச் சொல்லப்படுகின்றன. இம்மூன்றையும் மருத்துவர்கள் கற்றது பெரும்பாலும் நூல்களிலிருந்து அன்று. எதிரே அமர்ந்திருந்தவர்களிடமிருந்தே கற்றனர்.

பெயரிட்டவள் நோயாளி

வியன்னா நகரில் 1880 டிசம்பரில் ஜோசஃப் பிராயர் என்னும் மருத்துவர் 21 வயதுப் பெண்ணொருத்திக்குச் சிகிச்சை தொடங்கினார். நோயுற்ற தந்தையை இரவெல்லாம் விழித்திருந்து பேணிய அப்பெண்ணுக்குக் கைகால் மரத்தது, பார்வை தடுமாறியது, ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மன் நழுவிப்போக, ஆங்கிலத்தில் மட்டுமே பேசினாள். மாலைதோறும் பிராயர் அருகில் அமர்ந்து அவள் சொல்வதைக் கேட்டார். ஓர் அறிகுறி முதன்முதல் தோன்றிய சூழலை அவள் சொல்லி முடித்ததும் அவ்வறிகுறி தணிந்ததாக அவர் குறித்து வைத்தார். இம்முறைக்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டவள் அப்பெண்ணே. விளையாட்டாகப் 'புகைபோக்கி துடைத்தல்' என்றும் அவள் சொல்வதுண்டு. தாய்மொழியை இழந்து நின்ற வேளையில், பயின்ற மொழியில், நோயாளி ஒருத்தி இட்ட பெயர் ஒரு துறையின் பெயராயிற்று.

1895இல் பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் சேர்ந்து வெளியிட்ட 'ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்' என்னும் நூலில் அவள் 'அன்னா ஓ.' என்ற புனைபெயரில் வருகிறாள். அந்நூல் தரும் வெற்றிக் கதை முழுமையானதன்று. 1882 ஜூனில் பிராயரின் சிகிச்சை முடிந்த பின்னும் நோய் தொடர்ந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு காப்பகத்தில் அவள் தங்க நேர்ந்தது. பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் அவளது இயற்பெயரோ வேறொரு காரணத்தால் புகழ் பெற்றது. 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவியவர் அவர். 1907இல் ஃபிராங்ஃபர்ட் அருகே ஆதரவற்ற இளம்பெண்களுக்கும் மணமாகாத தாய்மார்களுக்கும் இல்லம் அமைத்தார். பெண்ணுரிமை பற்றி எழுதினார், மொழிபெயர்த்தார். 1936இல் அவர் மறைந்தார். 1954இல் மேற்கு ஜெர்மனி அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. மருத்துவர் அருகில் தொடங்கியது, அவர் பிறர்க்கென ஏற்ற பணியிலும் அமைத்துக்கொண்ட உறவுகளிலும் நிறைவெய்தியது என்று அவ்வாழ்வை நோக்குவோர்க்குத் தோன்றும். ஆனால் அந்தப் பகுதியை அக்கால உளவியல் கவனிக்கவில்லை.

சமயக்கணக்கர் காலம்

மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி மாநகரின் சமயக்கணக்கர்கள் ஒவ்வொருவராக வந்து தத்தம் கொள்கையே மெய் என்று உரைப்பர். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் உளவியல் உலகம் அத்தகைய ஒரு பட்டிமண்டபமாக இருந்தது.

ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு, நோயின் வேரை இளமைப் பருவத்தில் அழுத்திவைக்கப்பட்ட விழைவுகளில் தேடியது. அதனோடு முரண்பட்டு 1911இல் ஆல்ஃபிரெட் ஆட்லரும் 1913இல் கார்ல் யூங்கும் பிரிந்து தனி நெறிகளைக் கண்டனர். அமெரிக்காவில் ஜான் வாட்சன், மனம் என்ற பேச்சையே விலக்கி, கண்ணால் காணும் நடத்தை ஒன்றே அறிவியலுக்குரியது என்றார். ஒவ்வொரு நெறிக்கும் தனிச் சொற்களஞ்சியம்; தனி இதழ்; தனிச் சங்கம். ஒரு நெறியில் பயின்றவர் மற்றதன் நூலைத் திறப்பதும் குற்றமாகக் கருதப்பட்டது.

இப்பூசலின் இடையே நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி பின்னாளின் முன்னறிவிப்பாக அமைந்தது. மேரி கவர் ஜோன்ஸ் என்னும் ஆய்வாளர் முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்கு அளித்த சிகிச்சையை 1924இல் வெளியிட்டார். சிறுவன் விரும்பியதை உண்ணும்போது முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் அருகில் கொணர்வது அவர் முறை. நடத்தைச் சிகிச்சையின் முதற்படி என்று இது போற்றப்படுகிறது. அதே அறையில் முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகளையும் அவர் விளையாட விட்டிருந்தார் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. அச்சத்தைத் தணித்ததில் பயிற்சிக்கு ஒரு பங்கென்றால் தோழமைக்கும் ஒரு பங்கு இருந்தது.

1952இல் லண்டனைச் சேர்ந்த ஹான்ஸ் ஐசென்க் ஒரு கட்டுரையால் அரங்கையே அதிரவைத்தார். நரம்புத்தளர்ச்சி எனப்பட்ட நோயுடையோரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் இரண்டாண்டுகளில் உளச்சிகிச்சை இன்றியே தேறிவிடுகின்றனர்; சிகிச்சை பெற்றோர் அவர்களைவிட மிகுதியாகத் தேறியதாகச் சான்று இல்லை என்பது அவர் வாதம். அவர் கணக்கில் குறைகள் உண்டென்று பின்னர் பலர் காட்டினர். எனினும் எந்நெறி சிறந்தது என்று பூசலிட்டவர்கள், எந்நெறியேனும் பயன்தருகிறதா என்ற கேள்விக்கு விடைசொல்ல வேண்டியவர் ஆயினர்.

எல்லோரும் வென்ற ஓட்டம்

விடையின் ஒரு பகுதி அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டுக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. சால் ரோசன்சுவைக் என்னும் இளம் அமெரிக்க உளவியலாளர் 1936இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். லூயிஸ் கேரல் படைத்த ஆலிஸின் அற்புத உலகில் ஓர் ஓட்டப்பந்தயம் வரும். அவரவர் நினைத்தபோது தொடங்கி, நினைத்தபோது நிற்பர்; முடிவில் நடுவராக இருந்த டோடோப் பறவை எல்லோருமே வென்றதாகத் தீர்ப்பளித்து அனைவர்க்கும் பரிசு என்றுவிடும். உளச்சிகிச்சை நெறிகளும் அவ்வாறே என்றார் ரோசன்சுவைக். கொள்கையால் ஒன்றையொன்று மறுக்கும் நெறிகள் பலவும் நோயைத் தணிக்கின்றன என்றால், குணப்படுத்துவது அக்கொள்கைகளின் வேறுபாடாக இருக்க முடியாது. சிகிச்சையாளரின் ஆளுமை போன்று, அவற்றுக்குள் மறைந்திருக்கும் பொதுக்கூறுகளே செயல்படுகின்றன என்பது அவர் முடிவு.

அப்பொதுக்கூறுகளைத் தேடியவர்களுள் கார்ல் ரோஜர்ஸ் முதன்மையானவர். அவர் செய்த முதல் துணிவான செயல் ஒரு கருவியை அறைக்குள் கொணர்ந்தது. அதுவரை சிகிச்சை அறையில் நடந்தது சிகிச்சையாளரின் நினைவுக்குறிப்பாக மட்டுமே வெளிவந்தது. ரோஜர்ஸ் உரையாடலை ஒலித்தட்டில் பதிந்து, ஒருவருடைய சிகிச்சை முழுவதையும் சொல்லுக்குச் சொல் 1942இல் அச்சிட்டார். யார் மிகுதியாகப் பேசினார், யார் குறுக்கிட்டார், எச்சொல்லில் எதிரிலிருந்தவர் மனம் திறந்தது, எச்சொல்லில் மூடிக்கொண்டது என்பதை எவரும் காணலாயிற்று. மூலபாடம் கிடைத்த பின் உரைகளைச் சோதிக்க முடிவதுபோல, கோட்பாடுகளைச் சோதிக்க முடிந்தது. எதிரிலிருப்பவரை உள்ளிருந்து உணர்தல், நிபந்தனையின்றி மதித்தல், சிகிச்சையாளர் தம்மிடம் உண்மையாக இருத்தல் என்னும் மூன்றும் இன்றியமையாதன என்று 1957இல் அவர் வரையறுத்தார்.

1961இல் ஜெரோம் ஃபிராங்க் இன்னும் அகன்ற பார்வையை முன்வைத்தார். நவீன உளச்சிகிச்சையைப் பழங்குடிச் சடங்கோடும் சமய வழிபாட்டோடும் ஒப்பிட்ட அவர், எங்கும் நான்கு கூறுகள் இருப்பதைக் கண்டார்: நம்பி மனந்திறக்கும் உறவு, குணம் கிட்டும் என்று கருதப்படும் இடம், துன்பத்துக்குப் பொருள்தரும் விளக்கம், இருவரும் சேர்ந்து செய்யும் செயல்முறை. மனஉறுதி தளர்ந்தவரை மீட்டெடுப்பதே இவற்றின் பொதுப்பணி என்றார்.

பொதுக்கூறுகள் மட்டும் போதும் என்று எல்லோரும் அமையவில்லை. ஆர்னால்ட் லாசரஸ் 1967இல், கோட்பாடுகளைக் கலக்காமல், பயன்கண்ட உத்தியை எந்நெறியிலிருந்தும் எடுத்தாளலாம் என்றார். பின்னர், ஒருவருடைய நடத்தை, உணர்ச்சி, புலனுணர்வு, மனப்படிமம், எண்ணம், உறவு, உடல் என்னும் ஏழையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும் என்ற முறையை வகுத்தார். 1977இல் பால் வாக்டெல் உளப்பகுப்பாய்வையும் நடத்தைச் சிகிச்சையையும் கோட்பாட்டளவிலேயே இணைத்தார். கைவிடப்படுவோம் என்று இளமையில் அஞ்சக் கற்ற ஒருவர், வளர்ந்தபின் எவரோடும் ஒட்டாமல் விலகி நிற்கிறார்; அவ்விலகலைக் கண்டு பிறரும் விலகுகின்றனர்; அஞ்சியது நடந்தது என்று அவர் அச்சம் மேலும் வலுக்கிறது. பழைய வேரும் இன்றைய நடத்தையும் ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழலை, வேரை அறிவதால் மட்டுமோ நடத்தையை மாற்றுவதால் மட்டுமோ நிறுத்த முடியாது. இரண்டும் வேண்டும் என்பது அவர் கொள்கை.

அதே 1977இல் மேரி லீ ஸ்மித், ஜீன் கிளாஸ் ஆகிய இருவரும் 375 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டனர். சிகிச்சை பெற்றவருள் சராசரி நிலையினர், பெறாதோரில் 75 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருந்தனர். நெறிகளுக்கிடையே வேறுபாடு சிறிதே. ஐசென்கின் கேள்விக்கும் ரோசன்சுவைக்கின் ஊகத்துக்கும் ஒருங்கே விடை கிடைத்தது. 1983இல் நெறிகளின் ஒருங்கிணைவை ஆராய்வதற்கென்றே ஒரு பன்னாட்டுச் சங்கம் தோன்றியது. டோடோவின் தீர்ப்பு இன்றும் முழுதாக ஒப்புக்கொள்ளப்பட்டதன்று. குறிப்பிட்ட சில அச்சநோய்களுக்கும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் நோய்க்கும், அஞ்சும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி தனிப்பயன் தருகிறது. ஒருங்கிணைவு என்பது எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிடுவது அன்று. எதிரே இருப்பவர்க்கு எது வேண்டும் என்று கேட்டறிந்து தேர்வதாகும்.

ஒருவர் நோய், பலர் வாழ்வு

நோய் ஒருவருக்குள் இருக்கிறது; ஆகவே மருத்துவர் அவரை மட்டும் தனியே காண வேண்டும் என்பது நெடுங்காலம் மாறாத விதியாக இருந்தது. குடும்பத்தாரைச் சந்திப்பதே சிகிச்சையைக் கெடுக்கும் என்று கருதினர். விளைவு, அறைக்கு வராத குடும்பத்தார்மேல் பழி எளிதாக ஏறியது. 1948இல் ஃபிரீடா ஃபிரோம் ரைக்மன் மனச்சிதைவு நோயை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை எழுதினார். சான்றில்லாத அச்சொல், நோயுற்ற பிள்ளையைப் பேணிக் களைத்த எண்ணற்ற தாய்மார்களைக் குற்றவாளிகள் ஆக்கியது. 1956இல் கிரகரி பேட்சனும் அவர் குழுவினரும், ஒரே வேளையில் 'வா' என்று சொல்லும் வாயும் 'வராதே' என்று சொல்லும் முகமும் பிள்ளையைப் பொறியில் சிக்கவைக்கும் என்ற கோட்பாட்டை முன்வைத்தனர். மனச்சிதைவு நோய்க்கு அதுவே காரணம் என்பது நிலைபெறவில்லை. ஆயினும் பேச்சு தனிமனிதரின் சொத்தன்று, உறவின் இயக்கம் என்ற பார்வை அதிலிருந்து வளர்ந்தது.

அப்பார்வையைப் பரிவோடு செயற்படுத்தியவர் வர்ஜீனியா சட்டீர். குடும்பத்தார் அனைவரையும் ஒரே அறையில் அமர்த்திச் செய்யும் சிகிச்சை பற்றிய அவரது நூல் 1964இல் வெளிவந்தது. நோயாளி என்று குடும்பம் சுட்டிக்காட்டும் ஒருவர், பெரும்பாலும் அக்குடும்பம் முழுவதன் வலியைச் சுமப்பவர் என்றார் அவர். நெருக்கடியில் மனிதர் கொள்ளும் நான்கு கோலங்களை அவர் காட்டினார்: பிறரைப் பழிப்பவர், எதற்கும் பணிபவர், உணர்வை மறைத்துக் கணக்குப் பேசுபவர், பேச்சைத் திசைதிருப்புபவர். இந்நால்வரையும் அறியாத கூட்டுக்குடும்பம் தமிழகத்தில் இராது.

கணவன் மனைவி உறவில் இப்பாடம் மெல்லவே கற்கப்பட்டது. நீல் ஜேக்கப்சன் 1970களில், ஒருவர் மற்றவரிடம் விரும்பும் மாற்றங்களைப் பட்டியலிட்டு ஒப்பந்தம் செய்துகொள்ளும் நடத்தைச் சிகிச்சையை வளர்த்தவர். அதன் பயன் பலருக்கு நிலைக்கவில்லை என்பதைத் தம் ஆய்வுகளாலேயே கண்டு, அதை மறைக்காமல் எழுதினார். பின்னர் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனோடு சேர்ந்து, மாற்ற முடிவதை மாற்றுவதோடு மாறாததை ஏற்கும் பக்குவத்தையும் வளர்க்கும் ஒருங்கிணைந்த முறையை 1996இல் நூலாக்கினார். லாஸ் ஏஞ்சலிஸ், சியாட்டில் ஆகிய இரு நகரங்களில், நெடுநாள் பிணக்குற்ற 134 தம்பதியரிடம் பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிட்டனர். தொடக்க ஆண்டுகளில் புதிய முறை சற்று முந்தி நின்றது. ஐந்தாண்டு கழித்து நோக்கியபோது வேறுபாடு பெரிதாக இல்லை. இரு பிரிவிலும் ஏறத்தாழப் பாதித் தம்பதியர் தெளிவாக மேம்பட்டிருந்தனர். நான்கில் ஒரு பங்கினர்க்குச் சற்று மிகுதியானோர் பிரிந்திருந்தனர். உறவைக் காப்பது எளிதன்று என்பதை மறைக்காத இக்கணக்கு, வெற்றி முழக்கங்களைவிட மதிக்கத்தக்கது.

நோய் என்று பெயரிடப்பட்டவர்கள்

நெறிகளைத் திறந்த மருத்துவம் கதவையும் திறந்ததா என்பது தனிக் கேள்வி. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதை ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு மருத்துவப் பெயரும் இட்டார். சவுக்கடியை மருந்தாகப் பரிந்துரைத்தார். கேட்காத மருத்துவம் ஆண்டையின் ஏவலாளாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இருபதாம் நூற்றாண்டிலும் அது தொடர்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1952இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் தன்பாலீர்ப்பு இடம்பெற்றிருந்தது. அன்பு கொண்டதற்காகவே பலர் மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டனர். சிலருக்குப் படங்களைக் காட்டி மின்னதிர்ச்சி தந்தனர். சிலருக்குக் குமட்டல் மருந்து ஊட்டினர். அச்சத்தைத் தணிக்கப் பிறந்த நடத்தைச் சிகிச்சை, அச்சத்தை விதைக்கும் கருவியாயிற்று.

ஈவ்லின் ஹூக்கர் என்னும் உளவியலாளரை ஆய்வுக்குத் தூண்டியவர் அவரிடம் பயின்ற, தன்பாலீர்ப்புடைய மாணவர் ஒருவர். தம் போன்றோரை ஆராய்வது உங்கள் கடமை என்று அம்மாணவர் வற்புறுத்தினார். சிகிச்சை நாடி வராத 30 தன்பாலீர்ப்பு ஆண்களுக்கும் 30 பிற ஆண்களுக்கும் ஒரே உளவியல் சோதனைகளை நடத்தி, பெயர் மறைத்த முடிவுகளை வல்லுநர்களிடம் அளித்தார் ஹூக்கர். எது எவருடையது என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. 1957இல் அம்முடிவு அச்சாயிற்று. 1972இல் டல்லாஸ் நகரில் நடந்த மனநல மருத்துவர் மாநாட்டில் ஜான் ஃபிரையர் என்னும் மருத்துவர் முகமூடி அணிந்து, குரலை மாற்றும் ஒலிபெருக்கி வழியாக, தாமும் தன்பாலீர்ப்புடையவர் என்று உரைத்தார். மருத்துவரே முகம் மறைத்துப் பேச வேண்டியிருந்த மருத்துவம் அது. 1973 டிசம்பரில் அச்சங்கம் தன்பாலீர்ப்பைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டில் நடத்தைச் சிகிச்சையாளர் சங்கத்தின் தலைவர் ஜெரால்ட் டேவிசன், எவரேனும் கேட்டு வந்தாலும் அவரது ஈர்ப்பை மாற்ற முயலக்கூடாது. கேட்கவைப்பது சமூகம் தரும் அச்சமே என்று தம் தலைமையுரையில் எடுத்துரைத்தார். உலக நலவாழ்வு நிறுவனம் 1990இல் அதே முடிவுக்கு வந்தது.

பண்பாட்டுக் கதவைத் திறந்தவருள் ஃபிரான்ட்ஸ் ஃபனோன் குறிப்பிடத்தக்கவர். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் பொறுப்பேற்ற அவர், பிரான்சில் பயின்ற முறைகளை நோயாளிகளிடம் கையாண்டார். ஐரோப்பியப் பெண்கள் பகுதியில் அவை பயனளித்தன. முஸ்லிம் ஆண்கள் பகுதியில் முற்றிலும் தோற்றன. நோயாளிகள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிட்டு அவர் அமையவில்லை. அவர்கள் வாழ்வைத் தாம் அறியவில்லை என்று உணர்ந்தார். மருத்துவமனைக்குள் அவர்கள் வழக்கப்படி ஒரு காப்பிக்கடை தொடங்கப்பட்டது, பெருநாள்கள் கொண்டாடப்பட்டன, கதைசொல்லி ஒருவர் வரவழைக்கப்பட்டார். சுருண்டு கிடந்தவர்கள் எழுந்து வந்து அமர்ந்தனர்.

தமிழ் நிலத்தில்

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுப்பார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். நான்காம் கூற்றை நவீன மனநல விடுதிகள் வாயிலிலேயே நிறுத்தியிருந்தன. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யாசாகர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்துக் குடும்பத்தாரை நோயாளியோடு தங்கவைத்தார். 1957இல் ஃபுளாரன்ஸ் நிக்கல்ஸின் முயற்சியால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் உருவானபோது, உறவினர் ஒருவர் உடன் தங்குவது அங்கே சிகிச்சையின் பகுதியாயிற்று. தொடக்கத்தில் ஆள் பற்றாக்குறையும் இதற்கொரு காரணம். ஆனால் நோயைப் புரிந்துகொண்ட குடும்பம், வீடு திரும்பியவரை நன்கு ஏற்றுக்கொண்டதை மருத்துவர்கள் கண்டனர். மேலைநாட்டில் தாய்மார்மேல் பழி சுமத்தப்பட்ட அதே ஆண்டுகளில் இங்கே தாய்மார் மருத்துவரின் துணைவராயினர்.

பெருமைக்கு அருகிலேயே இழிவும் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 25 பேருக்கு மேல் தப்ப வழியின்றி மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. சமூக வழக்கங்களோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் கொண்டு ஒருவரை மனநோயாளர் என்று முடிவுசெய்யக்கூடாது என்றும் விதித்தது. கார்ட்ரைட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட மறுப்பாக அவ்விதியைப் படிக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தே மருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' என்னும் தமிழ் நூலை எழுதினார். தனியொருவரின் அதிர்ச்சிக்கென வகுக்கப்பட்ட மேலைச் சிகிச்சை, ஊரோடு இடம்பெயர்ந்து உறவோடு இழந்த மக்களுக்குப் போதவில்லை. ஆகவே மருந்தோடும் உரையாடலோடும், அவரவர் சமயத்துக்கு இசைந்த செபமும் மூச்சுப்பயிற்சியும், இறந்தோர்க்கான சடங்குகளும், கிராமத் தொண்டர்களுக்கான பயிற்சியும் சேர்க்கப்பட்டன. காணாமற் போனவர்க்குக் கடன் கழிக்கவும் இயலாத, காத்திருக்கவும் முடியாத குடும்பங்களின் துயர் எந்த நெறிக்குள்ளும் முழுதாக அடங்குவதில்லை. அங்கே இப்பணிக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று ஆற்றுப்படுத்தல். வழிகாட்டுதல், துயர் ஆற்றுதல் என்னும் இருபொருளும் அச்சொல்லில் உண்டு. பரிசில் பெற்று மீண்ட பாணன் வறுமையில் வாடும் பாணனுக்கு வழிசொல்லும் இலக்கிய மரபையும் அது நினைவூட்டுகிறது. துன்பத்தை அறிந்தவரே அங்கு வழிகாட்டி.

2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. ஒருவரையொருவர் விரும்பி, பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் பாதுகாப்பு வேண்டினர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்பெண்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். பின்னர், தமக்கே இப்பொருளில் தெளிவு போதாது என்று வெளிப்படையாகப் பதிந்து, உளவியலாளர் ஒருவரிடம் தாமே சென்று அமர்ந்து கற்றார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த ஆணை, பால் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய முயற்சியைத் தொழில்முறைக் குற்றம் என அறிவித்தது. தீர்ப்பு வழங்கும் இருக்கையில் இருப்பவர் முதலில் கேட்கும் இருக்கையில் அமர்ந்தார் என்பதே அவ்வழக்கின் தனிச்சிறப்பு.

அவ்வழக்கின் தொடர்ச்சியாக, பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்கும் இழிசொற்களுக்கு மாற்றாக மதிப்புள்ள தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. சொல் இல்லாத இடத்தில் வசைச்சொல் வந்து குடியேறும். தன் நிலையைச் சொல்ல ஒருவருக்குத் தாய்மொழியில் வசைச்சொல் மட்டுமே கிடைக்குமானால், எத்துணை நல்ல சிகிச்சையாளர் எதிரே இருந்தாலும் அவர் வாய் திறப்பதில்லை. வியன்னாப் பெண் தன் நோய்க்காலத்தில் வேற்றுமொழியில் தஞ்சம் புகுந்ததைப்போல, இன்றும் தமிழ் இளைஞர் பலர் தம் மனத்துயரை ஆங்கிலத்திலேயே சொல்கின்றனர். அவர்கள் தமிழில் பேசத்தக்க சொற்களை ஆக்கித் தருவது மருத்துவரால் மட்டும் ஆகக்கூடியதன்று. உளச்சிகிச்சையின் வரலாற்றில் கவிஞர்களுக்குரிய பணி ஒன்று மீந்திருக்கிறதென்றால், அது இதுவே.